பதினேழாம் எண்

காலைப் பகலில்தான் பார்க்க வேண்டும்.
விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் காலும் பச்சை.

பிப்ரவரி. கூரையைவிட்டுப் பனி இறங்கவில்லை.
சான் ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்து கிடக்கிறது.
பதினோரு மணிக்கு வேலிக்குள் வெயில் வரும்,
அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகும்.
அதற்குள் நாற்பத்தொரு பறவைகள்.

ஒவ்வொன்றாய் அக்குளில் இடுக்கிக்கொண்டு
காலைத் திருப்பிப் பார்க்கிறேன்.
மூன்று வாரம் உப்பில் ஊறிய வெள்ளரியின் பச்சை,
அது வேண்டும்.
மஞ்சள் அடித்தால் வேண்டாம்.
சாம்பல் அடித்தாலும் வேண்டாம்.
கொண்டை ஒற்றை, நிமிர்ந்து, ஐந்தாறு பல்லோடு.
சேவலின் வாலில் ஒரு வெள்ளை இறகும் கூடாது.
மார்பெலும்பு கோணியிருந்தால்
மற்றதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

முப்பத்திரண்டு வருடம் தபால் பிரித்த கை இது.
ஆற்றங்கரை, மில் தெரு, தேவாலயத்துக்குப் பின்னால்,
முகவரி விளங்காதவை.
கை யோசிக்காது. போட்டுக்கொண்டே போகும்.
தவறாய்ப் போட்ட கடிதம்
இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும்.
கோழி வராது.

மூன்று சேவல் தேறின.
நான்காவது, பதினேழாம் எண் வளையம்:
காலா அது! அப்படியொரு பச்சை.
கழுத்தில் தேனை ஊற்றி வழியவிட்ட மாதிரி.
ஆனால் கொண்டையின் பின்புறம்
பக்கவாட்டில் ஒரு முளை,
கட்டைவிரலை ஒட்டிய ஆறாம் விரல்போல.
நோட்டில் அவன் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
'ஞாயிறு, ரொசூல்' என்று பக்கத்தில் எழுதினேன்.
கேரட்டும் செலரிக் கிழங்கும் வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை இரவு நரி வந்தது.

அதனிடமும் ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும்,
என்னுடையதேதான்.
பெட்டைகள் இருந்த கொட்டகையைத் தொடவில்லை.
தேறிய மூவரையும் கொண்டுபோயிற்று.
தேறாதவன் சமையலறைக் கதவோரம்
தனிக் கூண்டில் இருந்தான்,
அறுக்கத் தோதாக.

விடிந்ததும் அவன் கூவினான்.
பனியில் சிதறிய வால் இறகுகளைப் பொறுக்கினேன்.
ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

அக்கரையில் செஸ்வாஃபிடம் சேவல் உண்டு.
முன்பு லெகார்னும் வைத்திருந்தான்.
தனித்தனி வேலிக்குள்தான் என்பான்.
அவன் வீட்டில் வேலி என்பது ஓர் அபிப்பிராயம்.
"சுத்தமான பச்சைக்கால், வியெஸ்லாவா,
நூற்றிருபது ஸ்வோட்டி, உனக்காக" என்றான்.
வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
கால் பச்சை. கொண்டை சீர்.
காதுமடல் மட்டும் பால்வெள்ளை.
அந்த மடலில் ஒரு லெகார்ன்
வசதியாக உட்கார்ந்திருந்தது.
"சூப்புக்கு என்றால் வாங்கிக்கொள்கிறேன்."
அவன் சிரிக்கவில்லை.
பாலம் வரை என் முதுகைப் பார்த்தபடி நின்றான்.

பாலத்தில் கணக்குப் போட்டேன்.
முளை கண்ணுக்குத் தெரியும் குற்றம்.
தெரிவதைக் கழித்துக்கொண்டே வரலாம்,
மூன்று வருடம், போனால் ஐந்து.
கலந்த ரத்தம் அப்படியல்ல.
நல்ல பிள்ளையாய் இரண்டு தலைமுறை நடந்துவிட்டு
மூன்றாவதில் மஞ்சள் காலோடு வந்து நிற்கும்.
எனக்கு அறுபத்தெட்டு.

அந்த ஞாயிறு ரொசூல்
வெறும் காய்கறியில் கொதித்தது.
பதினேழாம் எண்ணை ஆறு பெட்டைகளோடு விட்டேன்.
பேனாவில் இழுத்த கோடு, அழியவில்லை.
கோட்டின் மேலேயே எழுதினேன்: தகப்பன்.

ஏப்ரலில் முப்பத்தாறு முட்டை வைத்து
இருபத்தொன்பது குஞ்சு.
பொரித்த அன்று எந்தக் காலும் எதையும் சொல்லாது,
வெளிறிப்போன கால்கள்.
நிறம் மெல்ல மெல்லத்தான் ஏறும்.
புளிப்புச் செர்ரி பூத்தது, உதிர்ந்தது.
நான் எதையும் குறிக்கவில்லை.

ஜூன். இப்போது பதினோரு மணிக்கு முன்பே
வேலி முழுக்க வெயில்.
இளஞ்சேவல் பதின்மூன்று.
கால்கள் எல்லாம் ஊறிய வெள்ளரி,
ஒன்றுகூடச் சோடை போகவில்லை.
ஐந்தின் கொண்டையில் முளை.
ஆறாவதன் கொண்டையை
விரலால் இரண்டு தரம் தடவினேன்.
இருக்கிறது என்றால் இருக்கிறது,
இல்லை என்றால் இல்லை.
அவனை இறக்கிவிட்டேன்.
மறுபடி பிடித்தேன்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன்,
கேரட் வாங்க.