முதல் நிலை எலி

தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
எங்கள் பத்திர எழுத்துக் கடை.
ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
இஷ்டதானம், ஒத்தி விடுதலை எல்லாம் மூடிவைத்த
அதே கம்ப்யூட்டரில்
சுரங்கத்தின் நாலாம் தளத்துக்கு இறங்குவேன்.

என் ஆட்கள் ஆறு பேர்.
பெயர்களைப் பழைய ஆதாரங்களிலிருந்து எடுத்தேன்.
நேசையன் வாள்காரன்.
மாதேவன் பிள்ளை பூட்டுத் திறப்பவன்.
சாட்சியாக மட்டும் கையெழுத்திட்ட பாக்கியமுத்து
வில்லோடு பின்வரிசையில்.
வைத்தியக்காரி ஞானாபரணம்,
நட்டாலத்தில் பதினாறு சென்ட் விற்றவள், கைநாட்டு.

அவள் இப்போது பன்னிரண்டாம் நிலை.
பதிமூன்றில் செத்தவரை எழுப்பும் மந்திரம் கிட்டும்.
ஆனால் ஐந்தாம் தளத்துப் பனிப்பூதத்துக்கு
வாள் ஏறாது, நெருப்பு வேண்டும்.
அவள் தொழில் மாற வேண்டும்.

விதி இது:
மாறினால் நிலை ஒன்று.
வயது ஐந்து கூடும், ஏனென்று சொல்வதில்லை.
கற்றது போகாது, கைக்கும் வராது,
புதிய எண் பழைய எண்ணைத் தாண்டும்வரை.
உயிர்ப்புள்ளி மட்டும் அப்படியே நிற்கும்,
கைமாறிய மனையில் கிணறு மாதிரி.

முந்தி மாறினால் இரண்டிலும் அரைவேக்காடு.
பிந்தி மாறினால்
பழைய எண்ணை எட்டவே இன்னொரு ஆயுள்.
மூன்று வாரம்
பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

விஜிலா பார்த்துவிட்டாள்.
பக்கத்து மேசை, பதினான்கு வருஷத் தட்டச்சு,
'நான்கெல்லைக்குட்பட்ட' என்பதைக்
கண்ணை மூடி அடிப்பவள்.
"எந்தப் பார்ட்டிக்க கணக்கு இது?"
சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"செத்தவன எழுப்புறத விட்டுட்டா நெருப்புக்குப் போறா?
ஒரு படிதானே, நில்லு."
பிரிண்டருக்குப் பேப்பர் வைத்தபடி,
"ஒரு படி ஒரு படின்னுதான் நானும் நின்னேன்" என்றாள்.

எங்கள் ஜில்லாவே ஐம்பத்தாறில் மாறியதுதான்.
அதற்கு முந்திய ஆதாரங்கள் மலையாளத்தில்.
கடையில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை.
செவ்வாய்தோறும் களியக்காவிளையிலிருந்து ஒருவர்
பஸ்ஸேறி வருவார், பக்கத்துக்கு நூற்றைம்பது.
கற்றது போகாது, கைக்கும் வராது.

ஆனியில், விடாத மழை,
கரண்ட் மூன்று முறை போய்வந்த சாயங்காலம்
மாற்றிவிட்டேன். பன்னிரண்டில்.
கணக்கு முடிந்து அல்ல.
திரை கேட்டது: நிச்சயமா?
எங்கள் பத்திரங்களிலும் அப்படி ஒரு வரி உண்டு,
'முழு மனதுடன், யாருடைய தூண்டுதலுமின்றி.'
முழு மனதோடு கையெழுத்திட்டவரை
நான் இதுவரை பார்த்ததில்லை.

ஞானாபரணம், மந்திரவாதி, நிலை ஒன்று,
வயது நாற்பத்தொன்று.
கவசம் இனிப் பொருந்தாது,
கழற்றிப் பாக்கியமுத்துவின் பையில் போட்டேன்.
முதல் தளத்துக்குத் திரும்பினோம்,
ஆரம்பத்தில் நடந்த அதே ஈரப் பாதை.
எலி வந்தது.
மற்ற ஐவரையும் ஒதுங்கச் சொன்னேன்.
குச்சியை வீசினாள், தவறியது. எலி கடித்தது, ஒரு புள்ளி.
வீசினாள், தவறியது. எலி கடித்தது, இன்னொன்று.
எண்பத்தெட்டுப் புள்ளி உடம்பு.
எலிதான் களைத்தது போலிருந்தது.
அப்போது கரண்ட் போயிற்று.

இந்த ஆட்டம் எதையும் அப்போதே பதிந்துவிடும்.
பதிவானது பதிவானதுதான்.

மறுநாள் விஜிலா வரவில்லை.
அதற்கு மறுநாள் காலை
அழகியமண்டபம் முக்கில் பஸ்ஸுக்கு நிற்கையில்
டிரைவிங் ஸ்கூல் லாரியொன்று
குலுங்கிக் குலுங்கி வந்து நடுரோட்டில் அணைந்தது.
நெற்றியில் சிவப்பு எல்.
பின்னால் திருவனந்தபுரம் வண்டி
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.
ஷாலை இடுப்பில் முடிந்துகொண்டு விஜிலா
கியரைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டு தலையை வெளியே நீட்டி,
"ரெஜி, எலி செத்துதா?"

"இல்ல."

"செரி" என்று
மறுபடியும் சாவியைத் திருகினாள்.