கொம்பொசிற்றர் விழுந்த இரவு

இரவு ஒன்பதே முக்காலுக்கு
அமரர் குலவீரசிங்கத்தின் யன்னலை மூடினேன்.
மூலையில் உள்ள பெருக்கல் அடையாளத்தை
அழுத்தியது நிச்சயம்.
ஆள் போகவில்லை.
பாஸ்போட்டுக்கு எடுத்த முகம்,
காது இரண்டும் தெரிய, சிரிப்பு மறுக்கப்பட்டு,
திரையின் வலதுபக்கம் அப்படியே.

அவருக்கு மேல் கல்யாணக் கார்ட்டைத் திறந்தேன்.
சுபமுகூர்த்தத்துக்குக் குறுக்கே ஒரு கழுத்துப்பட்டி.
கார்ட்டைப் பிடித்து இழுத்தேன்.
இழுத்த வழியெல்லாம்
பத்து, பதினைந்து பிள்ளையார்,
காலி வீதி நூறாம் இலக்க பஸ்ஸின் மிதிபலகைபோல
நெருக்கியடித்து;
ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு துண்டு குலவீரசிங்கம்.

கேபிளைக் கழற்றி ஊதிப் போட்டேன்.
எல்லாவற்றுக்கும் உப்புக்காற்றுதான் காரணம் என்பது
வெள்ளவத்தையில் ஒரு சமயம்.
இந்தமுறை உப்பில்லை.
திரையைப் படம் பிடித்துப் பார்த்தேன்:
படத்தில் கார்ட் ஒன்று. பிள்ளையார் ஒருவர்.
மெஷினைக் கேட்டால் அவர் போய்விட்டார்.
எனக்கு மட்டும்தான் நிற்கிறார்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன்.
"கொம்பொசிற்றர் விழுந்திட்டார், நானா."
"யா அல்லாஹ், எந்த ஆஸ்பத்திரி?"
ஆளில்லை, இது லினக்ஸுக்குள்ளே இருக்கிறது;
எல்லா யன்னலையும் மறைவில் வாங்கி வைத்து,
எது மேலே, எது கீழே,
எதன் நிழல் எதில் விழவேண்டும் என்று தீர்த்து,
ஒரே படமாக்கித் திரைக்குக் கொடுக்கும் வேலை.
நேற்று வந்த அப்டேட்டோடு
பழையதைத் துடைக்க மறந்துவிட்டது.
"சம்பளம் எவ்வளவு?"
சம்பளமில்லை, நானா. இலவசம்.
"அப்ப விழாம என்ன செய்யும், கௌசிகா?"
காலை எட்டுக்கு இரண்டு வேலையும் வேணும் என்றுவிட்டு
வைத்துவிட்டார்.

கடைசி ரயில் போனது.
மற்ற யன்னலில், கம்பி போட்ட யன்னலில்,
பெட்டி, கப்பல் வெளிச்சம்,
பெட்டி, கப்பல் வெளிச்சம்,
பெட்டி.
அதுவும் கிழிந்து கிழிந்துதான் வந்தது.
மேசை நடுங்கி நின்றதும்
குலவீரசிங்கத்தின் தாடைக்குக் கீழே
ஒரு வரி மிஞ்சியிருப்பதைக் கண்டேன்.
கார்ட் அழிக்காமல் விட்ட ஒரேயொரு வரி:

காலஞ்சென்ற புவனேசுவரியின் அன்புக் கணவரும்

புவனேசுவரி
இன்று பின்னேரம் ஸ்கார்பரோவிலிருந்து
வாட்ஸ்அப்பில் வந்தவர்.
மூச்சு வாங்க வாங்கக் கேட்டவர்:
"பிள்ளை, அவர் சிரிக்கிற படம் ஒண்டு
என்னட்டை இருக்கு, அனுப்பட்டே?"
அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.
போன மாதக் கல்வெட்டின் மேல்
இந்தக் கல்வெட்டைத் தட்டினேன்;
பெயர்களை மாற்றினேன்,
முன்னால் நின்ற சொல் தங்கிவிட்டது.
நாலுதரம் வாசித்திருக்கிறேன்.
நாலுதரமும் அந்த மனுசியைச்
சாகடித்துக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

மூன்று விரலால் மூன்று விசை.
கொம்பொசிற்றரை நிற்பாட்டினேன்.
திரை ஒருதரம் கறுத்து
வெளித்தது.
பிள்ளையார் ஒருவரானார். முகம் போயிற்று.
யன்னல்களுக்குக் கீழே இருந்த நிழல்களும்
கூடவே போயின;
பிளேடால் வெட்டி மேசையில் போட்ட தாள்கள்போல
எல்லாம் தட்டையாகக் கிடந்தன.

கல்வெட்டைத் திரும்பத் திறந்தேன்.
உருட்டும்போது பக்கம் நடுவில் பிளக்கிறது,
மேல்பாதி தேவாரத்தில்,
கீழ்பாதி நன்றி நவிலலில்.
பரவாயில்லை. நின்று நின்று உருட்டினேன்.
ஒரு சொல்லை எடுத்தேன்.
புவனேசுவரி வரியின் தொடக்கத்துக்கு நகர்ந்து வந்தார்.

பிறகு ஸ்கார்பரோவுக்கு ஒரு செய்தி:
அம்மா, அந்தப் படத்தை அனுப்புங்கோ.
அங்கே பகல்தான்.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது,
நின்றது, திரும்பக் காட்டியது.

பன்னிரண்டேகாலுக்கு முதலாளியின் செய்தி:
"கொம்பொசிற்றருக்கு இப்ப எப்படி?"
நிற்பாட்டிப்போட்டன், நானா.
நிழல் இல்லை, மற்றும்படி வேலை நடக்குது.