விலை வாசி

அந்தக் குளிர்காலத்தில், புலவாயோவில்,
எனக்கு ஒரு சிவப்புப் பேனா கொடுத்தார்கள்.
ஒரு ரசீதுப் புத்தகம்,
பெட்ரோல் இல்லாத ஒரு ஜீப்.
உத்தரவு ஒற்றை வரி:
எல்லா விலையும் இன்றிலிருந்து பாதி.

நடந்தே போனோம், நானும் இரண்டு காவலர்களும்.
லோபெங்குலா தெருவில் முதலில் ரொட்டிக்கடை.
லுங்கிசானி மபேனா
மாவுக் கையோடு கணக்கு நோட்டை நீட்டினான்.
கோதுமை இவ்வளவு, ஈஸ்ட் இவ்வளவு,
மின்சாரம் போன நாட்களில் விறகு இவ்வளவு.
உப்பு எங்கே என்று கேட்டேன்.
"உப்புக்குமா கணக்கு?" என்றான்.
"அடக்கமே உங்கள் பாதியைத் தாண்டுகிறது, ஐயா."
நான் நோட்டைப் படிக்கவில்லை.
சிலேட்டில் இருந்த எண்ணை அடித்தேன்.
கொள்ளைக்காரன் என்றேன். அந்தச் சொல்
அன்று காலை வானொலியில் சூடாக வந்திருந்தது.

வரிசை கைதட்டியது.
பொய் சொல்லக்கூடாது, பிடித்திருந்தது.
நாற்பது வயதுவரை எனக்கு யாரும் கைதட்டியதில்லை.
ஒரு பெண் முழங்கால் மடித்து நன்றி சொன்னாள்.
பதினோரு மணிக்கு அலமாரி வெறும் பலகை.
கடைசி ஆறு ரொட்டி காவலர்களுக்கு,
அதுவும் பாதி விலைக்கு, சட்டப்படி.

செவ்வாய் ரொட்டி இல்லை.
புதன் இல்லை.
வியாழன் என் சிவப்பு எண் மட்டும்
சிலேட்டில், மிக மலிவாக,
எதன் விலை என்று தெரியாமல்.

அடுப்பை அணைத்ததற்காக அவனைக் கைது செய்தோம்.
பதுக்கல் என்று எழுதினேன்.
கிட்டங்கியைத் துழாவியதில்
ஓர் எலி அகப்பட்டது. அதுவும் இளைத்திருந்தது.

வெள்ளி இரவு எங்கள் மேசையில் ஒரு ரொட்டி.
எங்கிருந்து?
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்.
ஃபிரான்சிஸ்டவுனிலிருந்து ஒருத்தி
முதுகில் பிள்ளையைக் கட்டுவது போலப்
போர்வைக்குள் கட்டி, எல்லை தாண்டிக் கொண்டுவந்தது.
என்ன விலை?
சொன்னாள் சென்சேனி.
மபேனாவின் பழைய விலையைப் போல எட்டு மடங்கு.
நான் வாயைத் திறந்தேன்.
ஒரு துண்டைத் திணித்தாள்:
"சாப்பிட்டுவிட்டு எழுது ரசீதை."

படுத்துக்கொண்டு அந்த எட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
பேருந்துக் கட்டணம் கொஞ்சம்.
சுங்கச்சாவடியில் மடித்துக் கொடுத்த நோட்டு கொஞ்சம்.
மிச்சமெல்லாம் பிடிபடும் பயம்.
அந்தப் பயம் நான்தான்.
அப்படியானால் அந்த விலையில் பாதி
என் கையெழுத்து.

அவள் தூங்கிவிட்டாள்.
சென்சேனி என்றால் எங்கள் மொழியில்
'என்ன செய்தோம்' என்று பொருள்.
பதினாறு வருடத்தில் ஒருமுறையும்
அது ஒரு கேள்வி என்று எனக்குப் பட்டதில்லை.

அந்தச் சிலேட்டில் இருந்தது ஒரு கடிதம்.
விதைக்காத வயல்களிலிருந்து,
தூங்கிப்போன மின்நிலையத்திலிருந்து,
இரவு பகலாக நோட்டு அச்சடித்த இயந்திரத்திலிருந்து
யாரும் உட்கார்ந்து எழுதாமல் வந்து சேர்ந்தது.
நான் தபால்காரனைச் சிறையில் போட்டேன்.

ஆனாலும் ஒன்று.
வரிசையில் தினமும் மூன்றாவதாக நின்ற கிழவர்,
ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்.
மபேனாவின் விலைக்கு அவர் ஓய்வூதியம் எட்டாது.
என் விலைக்கு ரொட்டியே கிடையாது.
பேருந்து நிலைய விலையைச் சொன்னால் சிரிப்பார்.
அவருக்கு எந்த எண்ணை எழுதுவது?
சந்தையை நம்பும் நண்பர்கள் சொல்லும் பதில் தெரியும்,
சரி என்றும் தெரியும்.
அவர் காதுக்கு எட்டும் தூரத்தில்
அதை நான் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து
வேறொரு நாட்டின் நோட்டில் ஊர் மறுபடி விலை பேசியது.
மபேனா அடுப்பைப் பற்றவைத்தான்.
வரிசையில் நின்றேன்.
சிலேட்டில் இருந்ததை இரண்டு முறை வாசித்தேன்.
பிறகுதான் பணத்தை எடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தான்.
சில்லறை இல்லையாம்.
மீதிக்கு ஈடாக
ஒரு பேனா கொடுத்தான்.
நீலம்.