வால் போகும் பக்கம்

ஆட்டோ ஓட்டிய கை
முதலில் மறக்க வேண்டியது முன்சக்கரத்தை.
படகு முகத்தால் திரும்பாது,
முதுகு வழுக்கும், பிறகுதான் மூக்கு சம்மதிக்கும்.
கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினேன்,
காசல்ரீ முழுவதும் தப்பான பக்கம் சுற்றியது.
முதல் நாள் இறங்குதுறை டயரில் மோதினேன்.
இரண்டாம் நாளும் அதே டயர்.

நோர்வூட் சந்தியில் ஆறு வருசம் ஓட்டிய ஆட்டோவை விற்று,
சீட்டைக் கழிவுக்கு எடுத்து,
பதினைந்து குதிரை மோட்டரோடு வாங்கியது.
விற்றவன் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினான்.
மெத்தை உறையை முகர்ந்து பாருங்க, புதுசு என்றான்.
தண்ணீருக்குள் இருந்ததை நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

மாசியில் நீர் இறங்கியது,
கரை படிப்படியாய்ச் சிவந்தது.
ஒரு தேயிலை மலைக்கு மேலேதான்
இத்தனை நாளும் ஆளேற்றிப் போயிருக்கிறேன்.
நிரை நிரையாய் அடிக்கட்டைகள்,
கொழுந்து நிறுக்க யாரும் வராத நிரைகள்.
அதில் ஒன்று
டக்.

சின்னச் சத்தம். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

அன்றிலிருந்து பலகையில் ஒரு நடுக்கம்.
கொழும்புக்காரர் வைத்த கோப்பையில்
தேத்தண்ணி வட்டம் வட்டமாய் நடுங்கியது.
மோட்டர் கத்தும், கரை நகராது,
பெற்றோல் முள் மட்டும் இறங்கும்.

தூக்கி மடக்கிப் பார்த்தேன்.
மூன்று இதழ்.
ஒன்றில் எலி கடித்த விளிம்பு,
ஒன்று நாய்க்காதாய் மடிந்து,
மூன்றாவது எப்போதோ தேய்ந்து வழுவழு என்று.
அது எனக்கு முந்தியவன் கணக்கு.
ஹட்டனில் பர்னபாஸ் விரலால் ஒருதரம் சுழற்றிவிட்டு
"நாற்பத்திரண்டாயிரம்" என்றான்,
அடுத்த ஆளைப் பார்த்தான்.

நான் அரம் ஒன்று வாங்கி வந்தேன்.
கத்தி தீட்டுகிற மாதிரித் தீட்டக் கூடாது,
பிசிர் போனால் போதும்.
ஒன்றில் கூடத் தேய்த்தால் மற்ற இரண்டும் பழிவாங்கும்.
கவ்வாத்துக்கு ஆள் வராத செடி
என் இதழைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறது
என்று நினைத்துச் சிரித்தேன்,
அலுமினியத் தூள் மடியெல்லாம்.

இப்போது மெதுவாகத்தான் போகிறேன்.
மெதுவாகப் போவதுதான் கஷ்டம்.
வேகத்தில் படகு சொல் கேட்கும்,
கியரை எடுத்த நிமிசம்
கைப்பிடியை எப்படி வளைத்தாலும்
அது காற்றின் பிள்ளை.
ஒரு தள்ளு. நியூட்ரல். பொறு.
இன்னொரு தள்ளு.
பிரேக் இல்லை என்று மனசுக்குத் தெரியும்;
வலது கால் இன்னும் பலகையை மிதிக்கிறது.

பின் கியரில் வால் இடப்பக்கம் இழுக்கும்,
எல்லா நாளும்.
அதோடு மல்லுக்கட்டிய நாட்களில்தான் டயர்.
இப்போது இடது தோளைக் காட்டிச் சரிவாய் வருகிறேன்,
ஓர் ஆள் நீளம் இருக்கும்போது பின் கியர், ஒரு மூச்சு,
வால் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது.
"கெட்டிக்காரி" என்கிறார்கள் துறையில்.
இருக்கட்டும்.

கண்ட கட்டைக்கெல்லாம்
வெறும் போத்தல் கட்டிவிட்டிருக்கிறேன், பதினேழு.
காலையில் பெரட்டு எடுக்கிற மாதிரி எண்ணுவேன்.
"அக்கா, கொஞ்சம் வேகமாப் போக ஏலாதா?"
பின்னாலிருந்து ஒரு பொடியன்.
நேற்றிரவு மலைப்பக்கம் மழை.
கயிறெல்லாம் குட்டை.
பதினாலு, பதினைந்து, பதினாறு.

நியூட்ரல்.