பி பக்கம்

டவுன்ஹால் ரோட்டில் கேசட் பதியும் கடையில்
எனக்குச் சம்பளம் முந்நூறு.
எண்பத்தாறில் சுகிர்தா வந்தாள்,
தல்லாகுளம் தபாலாபீஸ் கவுண்டர் முடிந்த கையோடு.
விரலில் முத்திரை மை. பையில் ஒரு டேப்.
"பாட்டு இல்ல. ஊசி சிவப்புக்குப் போகாமப் பாத்துக்குங்க."

போட்டுக் கேட்டேன்.
தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம், நாலரை நிமிடம்.
இதை எவன் வாங்குவான்?

அவள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில்
அந்த இரைச்சல் மெல்ல ஊரானது.
சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி:
சதுரத்தைச் சுற்றிச் சதுரம்.
சைக்கிளில் நீ. பின்னால் புல்லட்டில் வட்டிக்காரன்.
வெளிவீதி தாண்டினால் பிழைத்தாய்.
நடுவில் வெறும் கறுப்புக் கட்டம்.
"கோயில் எங்கே?"
"நாப்பத்தெட்டு கே-யில கோபுரத்துக்கு இடமில்ல.
வட்டிக்காரனுக்கு மூளை வைக்கவே சரியாப் போச்சு."

பம்பாயிலிருந்து மணியார்டர்.
பெங்களூர்க் கம்பெனியின் முன்பணம்.
வேலையை விட்டாள்.
கடனில் ஆயிரம் டேப், சிவகாசியில் நாலு கலர் அட்டை.
பேப்பரில் வந்த போட்டோவை
அம்மா பைபிளுக்குள் மடித்து வைத்தார்.

இனி என் கதை.
ஷட்டரை இறக்கிவிட்டு இரட்டை டெக்கில் ஓட்டினேன்.
அவள் விலை அறுபது, என் விலை பதினைந்து.
ஊரில் மொத்தமே நாற்பது கம்ப்யூட்டர்.
முப்பத்தேழு பேர் என்னிடம் வாங்கினார்கள்.
ஒன்று பம்பாய் ரயிலேறி அங்கே குட்டி போட்டது.

பிறகு டிவியில் சொருகும் பெட்டிகள் வந்தன,
சத்தமில்லை, காத்திருப்பு இல்லை.
பெங்களூர் பதில் போடவில்லை.
வட்டிக்காரர் வந்தார், டிவிஎஸ் ஐம்பதில்.
"புல்லட்னு தப்பா எழுதிட்டேன்" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

மிஞ்சிய எழுநூற்றுச் சொச்சத்தை
இரண்டு ரூபாய் வீதம் என் முதலாளியே எடுத்தார்,
மேலே பாட்டுப் பதியச் சொன்னார்.
பதிந்தேன்.
பி பக்கத்தில் பாட்டு தீர்ந்தபின் இருந்ததை மட்டும்
அழிக்காமல் விட்டேன். சோம்பலாகவும் இருக்கலாம்.

அவள் நாசரேத் பக்கம் டைப்பிங் சொல்லித் தருவதாகக் கேள்வி.

போன வருஷம் உசிலம்பட்டி பஸ்ஸில்
பாட்டு முடிந்து தகரத்தில் ஆணி.
"டேப்பு சிக்கிருச்சுண்ணே" என்றான் கண்டக்டர்.
சிக்கவில்லை.
ஆயிரம் தடவை கேட்ட காது இது:
மேல மாசி வீதி வரைகிற இடம்.
இன்னும் பத்து விநாடியில் சைக்கிள் வரும்.

டிரைவர் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.