நாற்காலியின் உயரம்

முதலில் அது வலியே இல்லை.
காரில் சீட் பெல்ட்டை எட்டி இழுக்கையில்
தோளுக்குள் ஒரு சின்னக் கடி.
எறும்பென்று நினைத்தேன்.

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்,
மீன் கடைக்கு மாடியில் என் சலூன்.
பதினாறு வருஷம்
வலக்கையில் டிரையர், இடக்கையில் உருளைச் சீப்பு.
"உன் கை ஓங்கியிருக்கிறது" என்பான் சகாதேவன்,
சனிக்கிழமைக் கல்லாவை எண்ணியபடி.
ஓங்கித்தான் இருந்தது,
காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை
காதுக்கு மேலே.

ஜூலையில் குதிரைப் பந்தயம்.
தொப்பி வைக்கப்போகிற தலைக்கும் நேர்முடி வேண்டும்.
டர்பன் ஈரக்காற்றில்
பஸ் நிறுத்தம் போய்ச் சேருமுன்
சுருண்டுவிடும் முடிக்காக
ஒரே வாரத்தில் நாற்பத்தொரு தலைகள்.
அந்த ஞாயிறு
உள்பாடிக் கொக்கியை மாட்ட முடியவில்லை.
இரவில் வலப்பக்கம் புரண்டால் விழிப்பு.
உறைந்த பட்டாணிப் பொட்டலம் என் தோளோடு தூங்கிற்று.
திங்களன்று அதையே குழம்பில் போட்டேன்.

கிளினிக்கில் நொமுசா
என் கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கினாள்.
தோளுயரம் தாண்டியதும் கத்தினேன்.
"இங்கே எலும்பு ஒரு தாழ்வாரம்.
அடியில் தசைநாண் போகிறது.
அறுந்துபோகவில்லை, அலுத்துப்போயிருக்கிறது."
நாண்.
வெட்கத்துக்கும் அதுதானே பேர்.
அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லையோ.

சுவரில் விரல்களைச் சிலந்திபோல் ஏற்றச் சொன்னாள்,
வலி தொடங்குமுன் நிறுத்தி.
குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள்.
"அசைக்காமலே வைத்துவிடாதே, இறுகிப்போகும்."
பிறகு, எழுதிக்கொண்டே,
"உன் நாற்காலி எவ்வளவு உயரம்?"

நாற்காலி.
இரண்டாயிரத்துப் பதினொன்றில் மிதி உடைந்து
மேலேயே நின்றுவிட்டது.
பழுது பார்க்க அறுநூறு ராண்ட் கேட்டான்.
அடுத்த மாதம் என்றேன்.
எல்லா அடுத்த மாதங்களுக்கும்
தோள் தவணை கட்டியிருக்கிறது.

இப்போது நாற்காலி இறங்குகிறது.
"என்னம்மா, தரையிலா உட்காரவைப்பாய்?"
திருமதி படையாச்சி முகம் சுளிக்கிறாள்.
என் முழங்கை விலாவை விட்டு விலகுவதில்லை.
நாலு தலைக்கு ஒரு டீ.
மின்வெட்டு வந்தால் திட்டுவதை நிறுத்திவிட்டேன்;
டிரையர் ஓய்ந்ததும்
கை தன் எடையிலேயே தொங்கப் பழகுகிறது.

ஒன்பதாவது வாரம்.
விரல்கள் ஸ்விட்ச் போர்டைத் தாண்டிவிட்டன.
காலண்டர் முருகன் இன்னும் ஒரு சாண் மேலே.
அவசரமில்லை, அப்பனே.
உனக்குப் பன்னிரண்டு தோள்,
வேலை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம்.
எனக்கு வலது இது ஒன்றுதான்.