திங்கட்கிழமை கடை விடுமுறை

டெக்கா சந்தையில் என் மீன்கடைக்கு
திங்கள் ஒருநாள்தான் ஓய்வு.
அன்றைக்கும் நாலு மணிக்கு உலுக்கினாள் நறுமுகை:
"தண்ணி அஞ்சே முக்காலுக்கு வத்திடும்மா.
அதுக்கப்புறம் நமக்காக நிக்காது."

சாங்கிக் கரை. ஜூன் விடுமுறை. இருட்டு.
எதிரே உபின் தீவு, ஒரு கறுப்பு மேடு.
இறங்கும் விமானத்தின் வயிற்று விளக்கு
சேற்றில் ஒருகணம் வழிந்து மறைந்தது.
ஷாஹிராவும் ஜுன் ஹாவும் முந்தியே வந்து
தலைவிளக்கு மாட்டி நின்றார்கள்.
கவினுக்கு ஆறு வயது. பூட்ஸ் அக்காவுடையது.
எட்டு வைத்தால் கால் வரும்,
பூட்ஸ் பின்தங்கிவிடும்.

கடலை எனக்குத் தெரியும்:
பெட்டியாய், பனிக்கட்டியாய்,
கிலோ பன்னிரண்டு வெள்ளியாய், செவுளின் சிவப்பாய்.
இப்படிப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
அது தள்ளி உட்கார்ந்து பார்த்ததில்லை.

"புல்லை மிதிக்காதீங்க" என்றாள் ஷாஹிரா,
பாதி மலாய், பாதி ஆங்கிலம்,
அதட்டல் மட்டும் முழுசாய்.
கடற்புல்லாம். நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

உடுமீன் ஒன்று, கொம்பு கொம்பாய், என் கை அகலம்.
யாரும் எடுக்கவில்லை.
சுற்றிக் குந்தினார்கள்,
கேள்வித்தாள் வருமுன் இருக்கும் அமைதியில்.
ஜுன் ஹாவ் அதனிடம் மன்னிப்புக் கேட்டான்,
விளக்கு கண்ணில் பட்டிருக்குமாம்.
கண் எங்கே என்றேன்.
"ஒவ்வொரு கை நுனியிலும், ஆன்ட்டி."

பிறகுதான் வலை.

பச்சை நைலான். யாரோ மறந்தது, அல்லது அறுத்துவிட்டது.
பாதி சேற்றுக்குள்.
அதில் லாட நண்டுகள்,
கழுவிக் கவிழ்த்த சட்டிகளைப் போல.
கைப்பழக்கத்தில் வாலைப் பிடித்துத் தூக்கப் போனேன்.
"வாலைத் தொடாதீங்க!"
நாலு குரல், கவினுடையதும் சேர்த்து.
பத்து வருடமாய் மீன் வெட்டுகிறேன்,
ஒரு நண்டைத் தூக்கத் தெரியவில்லை.
ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடிக்கவேண்டும்,
நிறையக் குழம்பிருக்கும் பாத்திரம்போல.

அவர்களிடம் இருந்தவை
ஓவிய வகுப்புக் கத்தரிக்கோல்கள், முனை மழுங்கியவை.
ஒரு கண்ணிக்கு ஒரு நிமிடம்.
ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று சுற்று.
நான் பிடித்துக்கொண்டேன், அவர்கள் அறுத்தார்கள்.
விடுபட்ட கால்கள் என் மணிக்கட்டில்
நடந்து பார்த்தன.
என் கையில் எதுவும் இப்படி நடந்ததில்லை.

கிழக்கு வெளுத்தது.
தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பி வந்து
முதலில் கவினின் பூட்ஸை நிரப்பியது.

நறுமுகை நோட்டில் எழுதினாள்:
உயிரோடு: பதினொன்று.
இறந்தவை: இரண்டு.
கடைசி ஒன்று அசையவே இல்லை.
செத்துவிட்டது என்றான் ஜுன் ஹாவ்.
தூங்குது என்றான் கவின்.
அவள் அடிக்கோல் வைத்து
மூன்றாவது கட்டம் ஒன்று போட்டாள்.
தெரியாது: ஒன்று.

அதைக் கடலைப் பார்க்க வைத்தோம்.
ஓர் அலை வந்தது, மூடியது, போனது.
இடம் காலி.
நடந்து போனதா, அடித்துப் போனதா என்று
தெம்பனிஸ் வரைக்கும் காரில் சண்டை.
ஷாஹிராவின் அத்தை
ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

வலை என்னோடு வந்தது.
"எடை போட்டுச் சொல்லும்மா, கணக்குக்கு வேணும்."

செவ்வாய்க்கிழமை
கடை திறந்து, வாவலையும் கொடுவாவையும் அடுக்குமுன்
தராசில் ஒரு பையை விரித்து வலையை வைத்தேன்.
முள் அல்ல, எண்கள்; தயங்கித் தயங்கி நின்றன.
இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது.
முதல் ஆளாய் நின்றவர் எட்டிப் பார்த்து
"இது என்ன விலை?" என்றார்.
விற்பதற்கில்லை என்றேன்.

மகளுக்கு எண்ணை அனுப்பினேன்.
ஒரு நன்றி வரும் என்று நினைத்தேன்.
ஈரக்கையைத் துடைப்பதற்குள் பதில் வந்துவிட்டது:
"ஈரமாவா, காயவெச்சா?"